முக்காலே அரைக்கால்

சேலத்தையும் ஏற்காட்டையும் வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டு இணைத்தால் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் வரும். சேலம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். வித்தியாசம் 1.2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அடி 14, உயரம் 1.2 என்று ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. 14-இன் வர்க்கம் 196, 1.2-இன் வர்க்கம் 1.44. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 14.051. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினால், தரையோடு படுத்த கோட்டைவிட அது நீளுவது வெறும் 51 மீட்டர்.

சேலத்தில் கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்க பிதாகரஸ் தேற்றத்தை இந்தக் கணக்கோடுதான் தொடங்குவேன். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் பஸ் மூக்கைத் தூக்கியதும் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். காது அடைக்கும், ஜன்னலோரம் யாராவது வாந்தி எடுப்பார்கள், எஞ்சின் சூடு காலில் ஏறும். இத்தனை பாட்டுக்கும் 51 மீட்டர்தானா என்பார்கள். ரோடு 30 கிலோமீட்டர் இருக்கே டீச்சர் என்பார்கள். அந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் அந்தக் கணக்கையே எடுப்பேன். ரோட்டை நீட்டியது உயரம் அல்ல. பஸ் ஏறக்கூடிய சரிவு கிடைப்பதற்காக ரோடு பக்கவாட்டில் அலைகிறது. மீதித் தூரமெல்லாம் அந்த அலைச்சல். உயரம் தன் பங்குக்குக் கர்ணத்தில் சேர்ப்பது மிகச் சொற்பம். 1.2 என்பது 14-இல் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் 1.44 என்பது 196-இல் 136-இல் ஒரு பங்கு. சின்னதைப் பெரியதின் பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் வர்க்கப்படுத்தினால் சின்னது மேலும் சின்னதாகிவிடும். தேற்றத்தின் சுபாவம் இது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தச் சுபாவம் தெரிவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஓய்வு பெற்று ஏற்காட்டுக்கே திரும்பி வந்த பிறகு, ஒரு நாள் காலை, கைபேசியில் குடும்பக் குழுவில் ஒரு பாட்டு வந்தது. போதையனார் என்ற புலவர் பெயரில் புழங்குகிற சின்னப் பாட்டு. பிதாகரஸுக்கு முன்னாலேயே தமிழன் கண்டது, வர்க்கமும் வேண்டாம் வர்க்கமூலமும் வேண்டாம், ஏன் நம் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தருவதில்லை என்று கூடவே நீளமான கேள்விகள். பாட்டு சொல்லும் முறை இதுதான்: நீளப் பக்கத்தை எட்டுப் பங்காக்கு, ஒரு பங்கைத் தள்ளு, உயரத்தில் பாதியை எடுத்துச் சேர், வருவது கர்ணம். மூன்றும் நாலும் வைத்துப் பார்த்தால் மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து. சரியாகத்தான் வருகிறது.

பழக்கம் விடுமா, மலைக்கு வைத்துப் பார்த்தேன். 14-இல் எட்டில் ஒரு பங்கு போனால் 12.25, 1.2-இல் பாதி 0.6, ஆக 12.85. அடி 14 இருக்க, கர்ணம் 12.85. சாய்ந்த கோடு படுத்த கோட்டைவிடக் குட்டையாகிவிட்டது. எந்த முக்கோணத்திலும் நடக்க முடியாத காரியம்.

அதோடு பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். போகவிடாமல் பிடித்தது அந்த எட்டில் ஏழு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் முக்காலே அரைக்கால். அந்த அளவை என் காதில் முதலில் போட்டவர் மாமா.

அம்மாவுக்கு அண்ணன். ஆசாரி வேலை. நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் கூரை பிரித்து மேய்வதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு அங்குலம் என்பது பத்துப் பங்கு இல்லை, எட்டு நூல். கால் அங்குலம் இரண்டு நூல், அரை அங்குலம் நாலு நூல், ஏழு நூல் என்றால் முக்காலே அரைக்கால். "ரெண்டு நூல் தள்ளிப் புடி கண்ணு" என்பார். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பள்ளிக்கூடத்தில் தசம எண் வந்தபோது எனக்கு அது அந்நியமாகப்பட்டதற்கு அவர்தான் காரணம். மடக்கி மடக்கிப் பாதியாக்கினால் வருகிற எண்கள்தான் உடம்புக்குப் பழகிய எண்கள். ஒரு கயிற்றை மூன்று தடவை மடித்தால் எட்டுப் பங்கு. எழுதத் தெரியாதவரும் செய்யலாம்.

ஏற்காட்டு பங்களாக்களின் கூரையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்து வைத்த பிறகு எஸ்டேட்டுகள் பெருகின, வீடுகளும் வந்தன. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்தச் சிவப்பு ஓடு தென்னிந்தியா முழுக்கப் போயிற்று, மலைக்கும் ஏறியது. நடுவில் முகட்டுவளை, அதிலிருந்து இரு பக்கமும் சுவரை நோக்கி இறங்கும் கைமரங்கள், கைமரத்தின் மேல் ரீப்பர், ரீப்பரின் மேல் ஓடு. மழைக்குத் தகுந்த வாட்டம் வேண்டும். வாட்டம் குறைந்தால் தண்ணீர் ஓட்டின் இடுக்கில் எதிர்த்து ஏறும். கூடிப்போனால் மரம் அதிகம் தின்னும், ஓடு வழுக்கும். அகலத்தில் பாதி அடி, முகட்டின் உயரம் குத்துக்கோடு, கைமரம் கர்ணம். வீட்டுக்கு வீடு இருபது முப்பது கைமரங்கள், அத்தனையும் ஒரே அளவு. ஒன்றை வெட்டி அது ஒட்டவில்லையென்றால் அந்த மரம் வீண்.

மாமாவுக்குப் பாட்டு எதுவும் தெரியாது. காபி காயப்போடும் களத்தில், பழம் இல்லாத மாதங்களில், கூரையின் பாதியை முழு அளவில் வரைவார். நூலில் சுண்ணாம்பு தடவி, இரண்டு முனையில் இரண்டு பேர் பிடிக்க, நடுவில் இழுத்து விட்டால் சிமெண்டில் வெள்ளைக் கோடு விழும். படுக்கைக் கோடு ஒன்று. மூலைமட்டத்தை வைத்து அதன் மேல் குத்தாக ஒன்று. இரண்டின் முனைகளையும் இணைக்கும் சாய்கோட்டை டேப்பால் அளந்து, ஒரு மரத்தை மாதிரியாக வெட்டி, அதைப் படுக்கவைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்ற மரங்களில் உளி படும். பத்தடிக்கு ஐந்தடி எழுப்பின ஒரு கூரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்தச் சாய்கோடு பதினோரு அடி இரண்டு அங்குலம் ஒரு நூல் வந்தது. அதே வாரம் பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றம் நடத்தினார்கள். 100-உம் 25-உம் 125. வர்க்கமூலம் 11.18. நோட்டில் 0.18-ஐ 12-ஆல் பெருக்கி, இரண்டு அங்குலம் சொச்சம் என்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. களத்தில் சுண்ணாம்புக் கோடு சொன்னதைப் பேனா சொல்லியது.

சொல்லியது சரி. ஏன் அப்படி? அதை எனக்குக் காட்டியது தேற்றம் நடத்திய டீச்சர்தான், மாமா வெட்டிப்போட்ட மரத்துண்டுகளை வைத்து. கைமரத்தின் நுனியைச் சாய்வாக அறுக்கும்போது விழுகிற துண்டு செங்கோண முக்கோணமாக இருக்கும். ஒரே அளவில் நாலு துண்டு பொறுக்கிக்கொண்டு போயிருந்தேன். டீச்சர் கரும்பலகையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முக்கோணத்தின் குட்டைப் பக்கமும் நெட்டைப் பக்கமும் சேர்ந்த நீளத்துக்கு ஒரு சதுரம் வரைந்தார். நாலு துண்டையும் நாலு மூலையில், செங்கோணம் மூலைக்குள் உட்காரும்படி, ஒன்றின் வால் அடுத்ததின் தலையைத் தொடும்படி வைத்தார். நடுவில் சாய்வாக ஒரு வெற்றுச் சதுரம் மிஞ்சியது. அதன் பக்கம் கர்ணம். பிறகு அதே நாலு துண்டையும் நகர்த்தி, இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு செவ்வகமாக்கி, எதிரெதிர் மூலைகளில் தள்ளினார். இப்போது மிஞ்சிய வெற்றிடம் இரண்டு சதுரம்: குட்டைப் பக்கத்தின் மேல் ஒன்று, நெட்டைப் பக்கத்தின் மேல் ஒன்று. வெளிச்சதுரம் மாறவில்லை. மரத்துண்டு நாலும் மாறவில்லை. அப்படியானால் மிஞ்சுகிற வெற்றிடமும் மாறக் கூடாது. முடிந்தது. எந்த எண்ணும் சொல்லவில்லை, எந்தக் குறியீடும் எழுதவில்லை. 3-4-5 என்று ஒரு முக்கோணத்துக்கு மட்டும் அல்ல, மாமா அறுத்த எந்தத் துண்டுக்கும், இனி யாரும் அறுக்கப்போகும் துண்டுக்கும் இது செல்லும் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. வாழ்க்கையில் கணக்கைப் பிடித்துக்கொண்டது அங்கேதான்.

இன்னொரு நிரூபணத்தை வெகு காலம் கழித்துப் படித்தேன். அது இன்னும் ஆழம். செங்கோண முனையிலிருந்து கர்ணத்தின் மேல் ஒரு குத்துக்கோடு இறக்கினால் முக்கோணம் இரண்டு துண்டாகும். இரண்டும் தாயைப் போலவே செங்கோண முக்கோணங்கள், கோணங்களும் அதே; தாயும் இரண்டு மகள்களுமாக மூன்று முகத்திலும் ஒரே சாடை. ஒரே சாடையுள்ள உருவங்களில் பரப்பு என்பது நீளத்தின் வர்க்கத்தோடு ஒரே விகிதத்தில் வளரும். பெரிய முக்கோணத்தின் கர்ணம் முழுக் கர்ணம். துண்டுகளின் கர்ணங்கள் பழைய முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்கள். துண்டு இரண்டின் பரப்பும் சேர்ந்தது முழுப் பரப்பு. ஆகவே வர்க்கங்களும் அப்படியே சேர வேண்டும். சதுரம் என்ற உருவமே அவசியமில்லை. பக்கங்களின் மேல் அரைவட்டம் வரைந்தாலும் கூட்டல் பொருந்தும். முதல் நிரூபணத்தில் தேற்றம் உண்மை என்று ஒத்துக்கொண்டேன். இதில்தான் அது வேறு மாதிரி இருந்திருக்கவே முடியாது என்று உணர்ந்தேன்.

பாட்டுக்கு வருகிறேன். மலைக்குப் பொருந்தாத அந்த விதியை மாமாவின் கூரைக்கு வைத்துப் பார்த்தேன். பத்தில் எட்டில் ஒரு பங்கு தள்ளினால் எட்டே முக்கால். ஐந்தில் பாதி இரண்டரை. ஆக பதினொன்றே கால் அடி, அதாவது பதினோரு அடி மூன்று அங்குலம். உண்மையான அளவு பதினோரு அடி இரண்டு அங்குலம் ஒரு நூல். வித்தியாசம் ஏழு நூலுக்குள். ஒரு அங்குலம்கூட இல்லை. மேலும், தப்பு மரம் நீளமாகும் பக்கம் இருக்கிறது. நீளமான மரத்தை அறுத்துக்கொள்ளலாம். குட்டையான மரத்தை என்ன செய்வது?

இங்கேதான் எனக்கு உற்சாகம் பிடித்தது. இந்த விதி எப்போது சரி, எப்போது தப்பு என்று பார்க்க ஒரு தாள் போதும். அடியை அ என்றும் உயரத்தை உ என்றும் வைத்து, விதி தரும் நீளத்தின் வர்க்கத்தைத் தேற்றம் தரும் வர்க்கத்துக்குச் சமமாக்கினால், கடைசியில் (3அ − 4உ) × (5அ − 12உ) = 0 என்று வந்து நிற்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய காரணிப்படுத்தல்தான். சொல்வது என்னவென்றால், உலகத்திலுள்ள செங்கோண முக்கோண வடிவங்களில் இரண்டே இரண்டுக்கு இந்த விதி அப்பழுக்கில்லாமல் பொருந்தும். 3-4-5 ஒன்று, 5-12-13 மற்றொன்று. பாட்டைக் கட்டிய கைக்கு இந்த இரண்டு முக்கோணமும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். எட்டில் ஏழும் பாதியும் தற்செயலாக அமைகிற எண்கள் இல்லை. இரண்டு ஆணி அடித்து நடுவே ஒரு நேர்நூலைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லா வாட்டங்களிலும் விதி கொஞ்சம் கூடுதலாகவே சொல்லும், ஒருபோதும் குறைத்துச் சொல்லாது. கூடுதலும் நூற்றுக்கு 0.8-ஐத் தாண்டாது. கோணமாகச் சொன்னால் ஏறக்குறைய 23 பாகையிலிருந்து 37 பாகை வரை. ஓட்டுக் கூரைகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் நிற்கின்றன! கூரைச் சரிவு எதற்குள் இருக்குமோ அதற்குள் பிசகாமல், பிசகினாலும் மரம் குட்டையாகாமல், கயிற்றை மடித்தே கண்டுபிடிக்கக்கூடிய விதி. வெளியே போனால் உதவாது. அடியும் உயரமும் சமமாகப் பத்தடி இருந்தால் விதி 13.75 என்று சொல்லும், உண்மை 14.14, நாலரை அங்குலத்துக்கு மேல் குறைகிறது. உயரம் அடியில் கால் பங்குக்குக் கீழே இறங்கினால், ஏற்காட்டு மலைக்கு நடந்தது போல, கர்ணம் அடியைவிடச் சின்னதாகும்.

ஆகவே குடும்பக் குழுவில் நீளமாகவே எழுதினேன். இது தேற்றத்துக்கு மாற்று அல்ல. வர்க்கமூலத்தை ஒழித்துக்கட்டிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆனால் கைத்தொழிலின் அறிவு இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்த விதியை நான் அதிகம் பார்த்ததில்லை. இதைப் பிதாகரஸின் எதிரில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் இதன் உண்மையான பெருமையைத்தான் மறைக்கிறார்கள். இதன் இடம் கூரை. அங்கே இதற்கு ஈடு இல்லை.

யார் முதலில் என்ற சண்டையிலும் எனக்கு ஈடுபாடு இல்லை. பாபிலோனில் கி.மு. 1800-ஐ ஒட்டிய ஒரு களிமண் பலகையில் இத்தகைய முக்கோணங்களின் எண்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அந்தப் பலகை இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வேள்விக் களம் அமைக்கக் கயிற்றால் அளந்த போதாயனரின் சுல்ப சூத்திரம், செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் வரும் பரப்பு இரண்டு பக்கங்களின் மேல் வரும் பரப்புகளின் கூடுதல் என்று பொதுவாகவே சொல்லிவிடுகிறது. அதன் காலம் கி.மு. 800-க்கும் 500-க்கும் நடுவில் என்பார்கள். பிதாகரஸ் எழுதியதாக ஒரு வரிகூட மிஞ்சவில்லை. யூக்ளிட் கி.மு. 300-ஐ ஒட்டித் தன் முதல் புத்தகத்தின் 47-ஆவது கூற்றாக நிரூபணத்தோடு எழுதி வைத்தார். போதாயனர் பொதுவிதியைச் சொன்ன கையோடு எடுத்துக்காட்டுகளையும் அடுக்குகிறார்: 3-4, 12-5, 15-8, 7-24, 12-35, 15-36. அந்தப் பட்டியலுக்கு நம் பாட்டை வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் கச்சிதம். 15-8 என்ற ஜோடிக்கு 17 வர வேண்டிய இடத்தில் பதினேழே அரைக்கால். 24-7-க்கு அரை குறைகிறது. 35-12-க்கும் குறைவு. 36-15 என்பது 12-5-ஐ மூன்றால் பெருக்கியது என்பதால் 39 சரியாக வருகிறது. ஆறில் மூன்று. பிறகு அன்றைக்கு மதியம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மனசு அந்தச் சாக்கில் லேடீஸ் சீட்டுக்குப் போனது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் கீழே சேலம், மாக்னசைட் வெட்டியெடுத்த வெள்ளைக் கரடு, வானம் தெளிந்த நாளில் மேட்டூர்ப் பக்கத்துத் தண்ணீரின் பளபளப்பு. சின்ன வயதில் மாமாவிடம் கேட்டிருக்கிறேன், இங்கிருந்து எவ்வளவு தூரம் தெரியும் மாமா என்று. கண்ணு எட்டுற வரைக்கும் தெரியும் கண்ணு என்றார். அந்தக் கேள்விக்கும் செங்கோண முக்கோணம்தான் பதில் என்பது கல்லூரியில்தான் புரிந்தது. நம் பார்வை பூமியைத் தொட்டும் தொடாமலும் போகிற இடம்தான் அடிவானம். அந்த இடத்துக்குப் பூமியின் நடுவிலிருந்து ஒரு கோடு இழுத்தால் அது பார்வைக் கோட்டைச் செங்கோணத்தில் சந்திக்கும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் ஒரு பக்கம். ஆரமும் நம் உயரமும் சேர்ந்தது கர்ணம். சமவெளிக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்றால் கர்ணம் 6,372. ஒன்றின் வர்க்கத்தை மற்றதிலிருந்து கழித்தால் 12,743. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 113 கிலோமீட்டர். தூசியும் மஞ்சும் விட்டால், குறுக்கே வேறு மலை நிற்காவிட்டால், அவ்வளவு தூரத்துச் சமவெளி தெரிய வேண்டும். காற்று ஒளியை லேசாக வளைப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். மேட்டூர் நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குப் பூமி கீழே வளைவது 160 மீட்டர் அளவுக்கு.

இதில் ஒரு அழகு ஒளிந்திருக்கிறது. வளைவைக் கணக்கிடும் முறை: தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் இரண்டு மடங்கால் வகு. சேலம்-ஏற்காட்டுக் கம்பிக்கும் அதே முறை பொருந்தும்: உயரத்தின் வர்க்கம் 1.44-ஐ அடியின் இரண்டு மடங்கு 28-ஆல் வகுத்தால் 0.051. அந்த 51 மீட்டரேதான். ஒல்லியான செங்கோண முக்கோணம் எதுவானாலும், மலையானாலும் பூமியின் ஆரமானாலும், கர்ணம் அடியைவிட எவ்வளவு கூடுதல் என்பதை இப்படி ஒரு வகுத்தலில் எடுத்துவிடலாம். கூரைக்கு அந்தப் பாட்டு, மலைக்கு இந்த வகுத்தல். இரண்டுமே தேற்றம் ஈன்ற பிள்ளைகள் என்பதால் எது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தேற்றத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தேற்றத்தைப் புரிந்துகொள்வது என்று நான் சொல்வது இந்தக் கேட்டறிதலைத்தான்.

தூரம் பார்க்க உயரம் வேண்டும் என்பது நில அளவைக்காரர்களுக்கும் பொருந்தும். 1802-இல் பரங்கிமலையடியில் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையாளர் லாம்டன், முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே தென்னிந்தியாவை அளந்தார். மலையில்லாத தஞ்சையில் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கருவியை ஏற்றப்போய், 1808-இல் அது மோதி உடைந்தது என்று படித்திருக்கிறேன். மலை வேண்டியவருக்கு மலை எவ்வளவு பெரிய சொத்து என்று சேர்வராயன் கோயில் மேட்டில், 1,623 மீட்டரில் நின்றால் தெரிகிறது.

இப்போது ஏற்காட்டில் கைமரம் வைத்த வீடு புதிதாக எழும்புவது குறைவு. எல்லாம் கான்கிரீட். மொட்டைமாடிக்கு வாட்டம் என்றால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒன்றிரண்டு அங்குலம் இறக்குவதுதான். ஆனால் செங்கோணம் எங்கும் போய்விடவில்லை, கூரையிலிருந்து அஸ்திவாரத்துக்கு இறங்கியிருக்கிறது. ஆசாரிக்குச் செங்கோணம் கையில் இருக்கும், சாய்கோட்டின் நீளம் வேண்டும். கொத்தனாருக்கு நீளங்கள் கையில் இருக்கும், செங்கோணம் வேண்டும். மூன்றடி, நாலடி அளந்து ஆணியடித்து, குறுக்கே ஐந்தடி வருகிறவரை நூலைத் திருப்புவார். வந்துவிட்டால் மூலை சரி. இது தேற்றம் அல்ல, தேற்றத்தின் மறுதலை. வர்க்கங்கள் அப்படிச் சேர்ந்தால் அங்கே செங்கோணம் இருந்தே தீரும் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். யூக்ளிட் அதை அடுத்த கூற்றாக, 48-ஆவதாக வைத்தார். வகுப்பில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளையைப் பார்த்தால் எனக்கு நிறைவாக இருக்கும். ஊரில் அந்த வேறுபாட்டை இரண்டு தொழிலாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சமீபத்தில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி எனக்குத் தெரிந்தவர். மூணு நாலு அஞ்சு பிடித்துக்கொண்டிருந்தார். நாலடியில் கால் அங்குலம் பிசகினால் இருபதடிச் சுவரில் அது ஒன்றேகால் அங்குலமாகிவிடும்.

"ரூம் என்ன அளவுங்க மேஸ்திரி?"

"முன்னால ஹால் இருபதுக்கு இருபத்தொண்ணுங்க டீச்சர்."

"அப்ப சின்னதா பிடிக்க வேண்டாம். மூலைக்கு மூலை நேரா இருபத்தொம்பது அடி பிடிச்சுப் பாருங்க. மிச்சம் மீதி இல்லாம வரணும்."

400-உம் 441-உம் 841. அது 29-இன் வர்க்கம். பிடித்தார்கள். ஒரு மூலையில் ஆணியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார்.

"பின்னால ரூம் பதினாறுக்குப் பதினாலுங்க. அதுக்கு ஏதாச்சும் இப்படி வருங்களா?"

அதற்கு முழு எண் வராது. கூரைப் பாட்டை வைத்தால் 21 அடி என்று வந்து நிற்கும், அது குறைவு, அறை கோணலாகிவிடும். கைபேசியை எடுத்து 256-ஐயும் 196-ஐயும் கூட்டி மூலம் போட்டேன். 21.26. அதை அவருடைய கணக்குக்கு மாற்றினேன்.

"இருபத்தொரு அடி, மூணு இஞ்ச், ஒரு நூல்."

"ஒரு நூலா?"

"ஒரு நூலேதான்."

காதிலிருந்த பென்சிலை எடுத்துச் செங்கல் மேல் எழுதிக்கொண்டார். "டேய், டேப்பை அந்த மூலைக்குக் கொண்டு போடா, ஹாலை விடு" என்று பையனைப் பார்த்துக் கத்தினார்.